பதினேழாம் எண் பெட்டியின் பொறுப்பாளர்

மாநகராட்சித் தலைமை அலுவலகத்தில் அவளைப் பதினேழக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை அவளைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பதினேழு என்பது கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வர் பெட்டியின் எண். அந்தப் பெட்டிக்கு இவள்தான் பொறுப்பு. எப்படிப் பொறுப்பானாள் என்று யாராவது கேட்டால் சிரிப்பாள். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நேரம். மாநகராட்சியிடம் இருக்கும் கணினிப் பொருள்களையெல்லாம் பட்டியல் போடச் சொன்னார்கள். பொருளின் எண், வாங்கிய வருஷம், இருக்கும் இடம், பொறுப்பாளர் பெயர். பதினாறு பெட்டிகளுக்கு ஆள் கிடைத்தார்கள். பதினேழாவதை மட்டும் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் நகர மாட்டேன் என்று கணினியில் படிவம் அடம்பிடித்தது. மணியோ ஐந்தாகப் போகிறது. அன்றைய மேலாளர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஏதாவது ஒரு பேரைப் போட்டு அனுப்பும்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். கேட்காமல் அடுத்தவர் பெயரை எழுதுவது தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். தன் பெயரைப் போட்டாள். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. அந்த மேலாளர் ஓய்வு பெற்றார், அவருக்கு அடுத்து வந்தவரும் ஓய்வு பெற்றார், இப்போது மூன்றாமவர் இருக்கிறார்.

பெயர் போட்ட பாவத்துக்குப் பெட்டி அவளைச் சும்மா விடவில்லை. அறை கொஞ்சம் சூடானால் அவளுடைய கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும். ஏ.சி. நின்றால் அனுப்பும், கரண்ட் போய் வந்தால் அனுப்பும். தங்கையின் கல்யாணத்தன்று படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றபோது அனுப்பியது. அந்தப் படத்தில் இவள் இல்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கேட்டால், "பதினேழை யார் பாத்துப்பாங்க?" என்று எதிர்க்கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருந்திருந்தால் அவள் ஏன் விடுப்பு கேட்டுக்கொண்டு நிற்கப் போகிறாள்? குளிருக்குப் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டரை அந்த அறையின் ஆணியிலேயே நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தாள். பெட்டி என்னதான் வேலை செய்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. திறந்து பார்க்கும் கடவுச்சொல் போன தலைமுறையோடு போய்விட்டது.

இப்படியே ஓடியிருக்கும். வீட்டுக்காரர் விழுந்தபிறகுதான் மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அவர் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கச் சிரிக்க வாயடித்தவர். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டார், நடக்கவும் தொடங்கிவிட்டார், பேச்சு மட்டும் வரவில்லை. மூன்றே மூன்று வார்த்தைகள் மிஞ்சின. சரி, இல்ல, போச்சு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் குடும்பம் நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். பால் பொங்கினால் 'போச்சு' என்பார். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தாலும் அதே 'போச்சு'தான். மச்சினன் பார்க்க வந்து இரண்டு மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டு வாசல்படி இறங்கியபோது சொன்ன 'போச்சு' இன்னும் அந்த வீட்டில் பேசப்படுகிறது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "முதல் வருஷத்துல வர்றதுதான் வேகமா வரும்மா. தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் யாராவது கூட உக்காந்து பேச வைக்கணும். சாயங்காலம் ஆயிட்டா அவருக்கு மூளை சோர்ந்துடும்." சின்னச் சின்ன ஏவல் வார்த்தைகளில் தொடங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். எடு, கொடு, திற, வா, போ.

அவளுக்கு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு பஸ், இரண்டேகால் மணி நேரம். வந்து சேரும்போது ஏழரை. அந்த நேரத்தில் அவர் தலை தொங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடி வீட்டு அக்கா மத்தியானம் வந்து சோறு போட்டுவிட்டுப் போவாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க வாய் வருமா? ஏழு மாதம் போயிற்று. மூன்று வார்த்தை மூன்றாகவே இருந்தது.

வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் மாநகராட்சியின் வட்ட அலுவலகம் ஒன்று இருந்தது. மாற்றல் கேட்டு நாலு மனு போட்டாள், ஐந்தாவதற்கு உத்தரவு வந்தது. தாளைப் பார்த்ததும் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அடுத்த பத்தியைப் பிறகுதான் படித்தாள். தன் பொறுப்பில் உள்ள பொருள்களை வேறொரு நிரந்தர ஊழியரிடம் நாற்பது நாளுக்குள் ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். தவறினால் உத்தரவு தானாக ரத்து.

ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றாள். "அக்கா, உங்களுக்காக உசிரைக்கூடத் தரேன், பதினேழை மட்டும் என் தலையில கட்டிடாதீங்க" என்றான் பக்கத்து மேஜைக்காரன். அவன் ஒருவனாவது பதில் சொன்னான். மற்றவர்களுக்கெல்லாம் அவளைக் கண்டதும் அவசரமாக எங்கேயோ போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பசுமையார் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

மாநகராட்சியின் கணினிகள் குடிக்கிற கரண்டை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டு, அதற்கென ஓர் இளம் அதிகாரியை முந்தின வருஷமே நியமித்திருந்தார்கள். பசுமையார் என்று பெயர் வைத்தது அலுவலகம். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் திரையை அணைத்துவிட்டு, வெறும் கையோடு விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். அச்சு இயந்திரங்களைப் பாதியாகக் குறைத்தார். ஐந்து வருஷத்தில் தூக்கிப்போடும் கணினிகளை எட்டு வருஷம் ஓட்ட வேண்டும் என்றார். கீழ்த்தள அறையிலிருந்த பதினாறு பெட்டிகளின் வேலையை வெளியே பல அலுவலகங்களுக்கும் பொதுவான ஒரு கணினிக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பினார். அப்படியும் அந்த அறையின் மீட்டர் நிற்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தார். காலியான அலமாரிகளுக்கு நடுவே பதினேழு தனியாக உறுமிக்கொண்டிருந்தது. அதைக் குளிரவைக்க இரண்டு ஏ.சி.கள் முறை வைத்துக்கொண்டு ஓடின. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு பள்ளிக்கூடம் முழுக்க எரியிற கரண்ட் மேடம் இது. என்ன வேலை செய்யுது இந்தப் பெட்டி?"

"தெரியலைங்க."

"யாரோடது?"

"என் பேர்ல இருக்கு."

பசுமையார் மூன்றே நாளில் பதில் வேண்டும் என்று இருபத்துமூன்று துறைகளுக்கு அவசரக் கடிதம் போட்டார். இருபத்துமூன்று பதில்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல வந்தன. 'மேற்படி இயந்திரம் எமது துறையைச் சேர்ந்ததல்ல. எனினும் அதை அணைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.' மனிதர் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கணினிக்காரர்கள் வழக்கமாகக் கையாளும் ஒரு வழியை எடுத்தார். அணைக்க வேண்டாம், வெளியுலகத்தோடு பெட்டியை இணைக்கிற கேபிளை மட்டும் பிடுங்கிவிடுவது. முப்பது நாள் காத்திருப்பது. யாருக்காவது அது தேவை என்றால் கத்துவார்கள். யாரும் கத்தாவிட்டால் நிரந்தரமாக மூடிவிடலாம். ஒரே ஒரு புகார் வந்தாலும் மூடக்கூடாது. புகார் எங்கே வரும்? பொறுப்பாளரின் எண்ணுக்கு. அலுவலகத்தில் இதற்குக் கத்தல் சோதனை என்று பெயர்.

பெட்டியே போய்விட்டால் யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. அவள் விரல் விட்டு எண்ணினாள். முப்பது நாள் முடிந்தாலும் உத்தரவில் ஒரு நாள் மிச்சம் இருக்கும். தானே குனிந்து கேபிளைப் பிடுங்கினாள்.

அதற்கப்புறம் கைப்பேசி வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் அது கெட்டுப்போய்விட்டதோ என்று தங்கையைக் கூப்பிட்டுச் சோதித்தாள். இரண்டாம் வாரம் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் வாரம் ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தாள். வட்ட அலுவலகத்துக்கு ஒரு நடை போய், தனக்கு எந்த நாற்காலி என்றுகூட விசாரித்துவிட்டு வந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே வந்தால் ஒன்று பத்துக்கு அவர் எதிரே உட்கார்ந்துவிடலாம். அந்தப் பத்து நிமிஷத்தை மனசுக்குள் எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இருபத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு கரண்டியை நீட்டினாள்.

"எடு. சொல்லுங்க. எ... டு."

"சரி."

"சரி இல்லைங்க. எடு."

"இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது கைப்பேசி அடித்தது. தெரியாத எண். அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஒரு நாள்தானே, இன்னும் ஒரே ஒரு நாள்தானே என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அவர் கைப்பேசியைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எடு," என்றார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டரை மாதத்தில் முதல் புது வார்த்தை. "என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கைப்பேசியைக் காட்டி, கொஞ்சம் கோபமாகவே, "எடு" என்றார். அவர் சொல்லி எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தாள்.

"அம்மா, பொது மயானத்துலேருந்து காவலாளி பேசறேன். பொறுப்பாளர்னு போட்டு சுவத்துல உங்க நம்பர் எழுதியிருக்கு. இங்க ஒரு மாசமா பேர் தேடினா ஒண்ணும் வர மாட்டேங்குதும்மா."

"என்ன பேர்?"

"செத்தவங்க பேரும்மா. பேரைத் தட்டினா எந்த வரிசை, எத்தனையாவது குழின்னு வரும். இங்க பாதிப் பேருக்குக் கல்லே கிடையாது. நம்பர் இல்லேன்னா எனக்கும் தெரியாது."

பன்னிரண்டு வருஷம் எதற்குக் காவல் இருந்தோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மயானம் சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. துறைக்கு வந்த கடிதத்துக்கு மேஜையில் இருந்தவர் பதில் எழுதிவிட்டார். காவலாளியை யார் கேட்கப் போகிறார்கள்?

"ஏன் இவ்வளவு நாள் கூப்பிடலை?"

"பழைய மிஷின்தானே, அலுத்துப்போயிருக்கும், தானா சரியாயிடும்னு நினைச்சேன். இன்னிக்கு ஒருத்தர் வெளிநாட்டுலேருந்து வந்து நிக்கிறாரு. அம்மாவைப் புதைச்சப்போ அவரால வர முடியலையாம். நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணுமாம்."

நாவின் நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதைச் சொல்லியும் விட்டாள். "செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்களேன்."

"நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னுதாம்மா ஒரு மாசமா எல்லாருக்கும் சொல்லி அனுப்பறேன். பதினாலு பேர் ஆச்சு. பேரெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

அவள் இரண்டு பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனாள். வழியெல்லாம் அந்தக் காவலாளியைத் திட்டினாள், பெட்டியைத் திட்டினாள், செத்துப்போன அந்த அம்மாளைக்கூட ஒரு நிறுத்தம் வரை திட்டினாள். ஸ்வெட்டர் இல்லாமல் அறைக்குள் போய்க் கேபிளைச் செருகினாள். ஆறு நிமிஷத்தில் காவலாளி கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா! வரிசை நாப்பத்தொண்ணு! அவரு ஓடறாரு!" பின்னால் யாரோ விசும்புவது கேட்டது. அவள் கேபிளைத் திரும்பப் பிடுங்கினாள். அறையில் வேறு யாரும் இல்லை. வந்தது யாருக்கும் தெரியாது, அழைப்பு வந்ததும் தெரியாது. மறுநாள் படிவத்தில் 'புகார் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அப்படித்தான் எழுதப் போகிறோம் என்று பஸ்ஸில் முடிவும் செய்துவிட்டாள். பதினாலு பேர் எங்கேயாவது போய் விசாரித்துக்கொள்ளட்டும், என் வீட்டில் ஒருத்தர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதில் என்ன தப்பு?

திங்கட்கிழமை பசுமையார் படிவத்தோடு வந்தார். முகமெல்லாம் பல். "ஒரு கையெழுத்து மேடம், நீங்களும் விடுதலை, நானும் விடுதலை." பேனாவை வாங்கினாள். வரப்பெற்ற புகார்கள் என்று ஒரு கட்டம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தக் கட்டத்திலும் பொய் எழுதத் தெரியாததால்தானே இந்தக் கதியே வந்தது! இத்தனை வயசுக்கு மேலா அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முடியும்? பதினைந்து என்று எழுதினாள். எழுதிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பசுமையாருக்கு முதலில் கோபம், பிறகு பயம். மீட்டர் இந்த மாதமே நிற்கும் என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டார். தலையை நிமிர்த்தி அவள்தான் கேட்டாள். "மயானத்துக் காவலாளி ஒருத்தருக்கு மட்டும் வேண்டிய பெட்டி எதுக்குங்க இங்க இருக்கணும்? அவர்கிட்டயே கொண்டுபோய் வெச்சிடலாமே. யாராவது வந்து கேட்டா போடட்டும், போனதும் அணைக்கட்டும்." பசுமையார் ஏ.சி. மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினார். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தனியா இருந்தா இதுக்கு ஏ.சி.யே வேணாம் சார், காத்தாடி போதும்" என்றார். பன்னிரண்டு வருஷக் குளிர் அந்த ஒரு பேச்சோடு முடிந்தது. ஒரு வாரத்தில் பெட்டி மயானத்துக்குப் போயிற்று. அறையைப் பூட்டினார்கள், மீட்டர் நின்றது.

நாற்பது நாளும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. காவலாளியின் பெயருக்கு மாற்றலாம் என்று பார்த்தால் அவர் தினக்கூலி, நிரந்தர ஊழியர் கிடையாது. படிவத்தில் பொறுப்பாளர் கட்டம் மறுபடி காலியாக நிற்க மாட்டேன் என்றது. பதினேழக்காவின் பெயரே இருந்தது. போதாததற்கு, 'பொருள் எங்கே உள்ளதோ அதுவே பொறுப்பாளரின் பணியிடம்' என்ற ஒரு பழைய விதியை மேலாளர் தூசி தட்டி எடுத்தார். புதிய உத்தரவு வந்தது. பொது மயானம். வீட்டிலிருந்து மூன்று பஸ்.

வீட்டில் சொன்னபோது அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "போச்சு," என்றார். அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

மயானத்து அலுவலகம் ஒரே ஓர் அறைதான். ஜன்னல் இருக்கிறது, அந்த வகையில் குறை சொல்ல முடியாது. யாராவது வந்தால் பெட்டியைப் போடுவாள். அது கண் விழிக்க ஆறு நிமிஷம் ஆகும். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றி அந்த ஆறு நிமிஷத்தில் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அந்த வருஷம் கரண்ட் மிச்சப்படுத்தியதற்காக மாநகராட்சிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். பசுமையார் மனசு கேட்காமல் அதைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். கதவு காற்றில் அடிக்காமலிருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போன் போடுவாள். மாடி வீட்டு அக்கா அவர் காதருகே பிடித்துக்கொள்வாள். எடு, கொடு, திற என்று இங்கிருந்து இவள் சொல்ல, அங்கிருந்து மூச்சு மட்டும் வரும். எதிரே முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு, போனில் சொல்வது வேறு என்று பயிற்சிப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். இருந்தாலும் விடவில்லை. பயிற்சிப் பெண் சொன்ன அந்த முதல் வருஷம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அவரிடம் எட்டு வார்த்தைகள் சேர்ந்திருந்தன.

ஒன்பதாவது வார்த்தை ஒரு வியாழக்கிழமை வந்தது. பெஞ்சில் ஒரு பெண்மணி கையில் துண்டுச் சீட்டோடு காத்திருந்தாள். பெட்டி அப்போதுதான் உறுமத் தொடங்கியிருந்தது. இவள் கைப்பேசியைக் காதில் இடுக்கியபடி, "திற, சொல்லுங்க, திற" என்றாள். அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"வா," என்றார் அவர்.

தாளில் இருந்த வார்த்தைதான். ஆனால் இன்றைக்கு அவள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகச் சொன்னார்.

"வரேங்க," என்றாள். "அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன்."

"வா."

"அஞ்சு மணிக்குங்க."

"வா. வா."

பெட்டி விழித்துக்கொண்டது. பெண்மணி எழுந்து வந்து மேஜையருகே நின்றாள். பதினேழக்கா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், மறுகையால் விசைப்பலகையை இழுத்து, "பேர் சொல்லுங்கம்மா" என்றாள்.